கிராணி பதில் சொல்லும் காட்சி எங்கே?

1

பாபு, நீ எங்கள் ஆட்களை ஏமாற்றிவிட்டாய்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் எழுதுகிறவள் இல்லை. பேர்த் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பது என் வேலை. உன் படத்தைப் பாராட்டி இதே பத்திரிகை ஒரு முழுப் பக்கம் எழுதியது. அதனால் இதையும் இதற்கே அனுப்புகிறேன். போடுவார்கள் என்று நம்புகிறேன்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாபு என்று நான் சொல்வது "கிராணி வீட்டு விருந்து" படத்தை எடுத்த இயக்குநரை. சுவரொட்டியில் அவருக்கு நீளமான வேறு பெயர் இருக்கிறது. மலேசியாவில் லகாட் பக்கம் இருந்த பாலத்தடித் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அவர் கிராணியார் மகன் பாபு. தோட்டத்துக் கணக்கு வழக்கு எல்லாம் பார்த்த கிராணியின் ஒரே மகன். நான் அதே தோட்டத்தில் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர் மகள் லெட்சுமி. என் அக்கா சரோஜா இன்றைக்கும் அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டாம் லயத்தில்தான் இருக்கிறாள். தோட்டம் இப்போது இல்லை. லயத்தில் நாலு குடும்பம் மிச்சம். சுற்றிலும் வீடு கட்டி விற்கும் கம்பெனியின் தகர வேலி.

படம் நன்றாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். நன்றாக இல்லாத படமாக இருந்தால் இத்தனை கோபம் எனக்கு வந்திருக்காது.

2

அக்கா எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். அன்று வேலை நாள். இயந்திரம் ஓடும்போது தொலைபேசி எடுக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எடுத்தேன்.

"லெச்சுமி, பசியாறிட்டியா?"

"வேலையில இருக்கேன்கா. என்னா விசயம்?"

"நாங்கலாம் படத்துல நடிச்சுட்டோம்லா!"

பாபு ஆட்களோடு வந்திருக்கிறான். பேராக்கில் நிற்கிற லயங்களைத் தேடித் தேடி, கடைசியில் பிறந்த இடத்துக்கே வந்துவிட்டானாம். நாலு வீட்டுக்கும் முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்தானாம். பின்பக்கம் படத்தில் வராதாம். பழைய பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் எங்கள் மேஸ்திரியான தண்டல் பெயர் கூப்பிடுகிற இடத்தில், மேடை போட்டு, அக்காவையும் மற்றவர்களையும் நாடகம் பார்க்கிற சனங்களாக உட்கார வைத்திருக்கிறான்.

"கடைசி சீன் எடுத்தாங்க லெச்சுமி. நான் எந்திரிச்சுக் கேட்டேன், அன்னைக்குக் கேட்ட மாரியே. அந்த நடிகரு தொப்பிய வாங்கித் தலையில வச்சுக்கிட்டு பதில் சொன்னாரு பாரு, அப்படியே கிராணியாரு எந்திரிச்சு வந்த மாரி இருந்துச்சு. வேலு அண்ணே அழுதுட்டாரு."

"யாரு, நாயி வேசம் போடுற வேலு அண்ணனா?"

"அவரேதான். நாயி அழுவுதுடான்னு எல்லாரும் சிரிச்சாங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நில அலுவலகத்தை அங்கே எல்லாரும் மலாயில் பெஜாபாட் தானா என்றுதான் சொல்வார்கள். அக்காவும் அப்படியே சொன்னாள்.

"இனிமே பயமில்ல. பெஜாபாட் தானாவுல அந்த ஆபிசர்கிட்ட சொல்லிட்டேன். படம் வரட்டும் சார், வந்து பாருங்க, கிராணியாரு வாயால வாக்குக் குடுத்தது அதுல இருக்குன்னு."

மேற்பார்வையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். அவளுக்கு என் பெயர் வாயில் நுழையாது. வேறு ஏதோ பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள். பதினாறு வருசமாக அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறேன். தொலைபேசியை வைத்துவிட்டு மடிக்கப் போனேன். மடிக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரமே, படம் வெளிவரும் நாளுக்கு விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

படத்தில் வந்தால் சாட்சியாகிவிடும் என்று என் அக்கா நினைத்ததைப் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். அவள் ஏன் அப்படி நினைத்தாள் என்று சொல்கிறேன்.

3

"கிராணி வீட்டு விருந்து" எங்கள் தோட்டத்து நாடகம். மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு வருசமும் அதுதான். எங்கள் அப்பா காலத்துக்கு முன்னால் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் எழுதினாராம். பிறகு நடித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பேச்சைச் சேர்த்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி பிடித்து வந்து பார்ப்பார்கள். எல்லாருக்கும் வசனம் மனப்பாடம். இருந்தாலும் வருவார்கள்.

கதை இதுதான். கிராணி தன் மகளுக்கு ஈப்போவில் மாப்பிள்ளை பார்க்கிறார். தானே தோட்டத்துத் தொரை என்று பெண் பார்க்கிறவர்களிடம் பீற்றிவிடுகிறார். அவர்கள் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்கிறார்கள். வெள்ளைக்காரத் தொரை லூமுட்டுக்கு மீன் பிடிக்கப் போன சமயம் பார்த்து, கிராணி பங்களாச் சாவியை வாங்கி, பால் வெட்டுகிறவர்களுக்கு வேலைக்காரர் வேசம் போட்டு விருந்து வைக்கிறார். தொரை சீக்கிரம் திரும்பிவிடுகிறார். கிராணி பதறிப்போய், "இவன் புதுசா வந்த குசினிக்காரன்" என்று சம்பந்திகளிடம் தொரையைக் காட்டுகிறார். தொரைக்குத் தமிழ் அரைகுறை. கோழிக்கறி வாசனை பிடித்துப்போய் அவரும் பேசாமல் பரிமாறுகிறார். மாப்பிள்ளையின் அம்மா அவரை வாங்கு வாங்கு என்று வாங்குவாள். அந்த அம்மா வேசம் எங்கள் அப்பாதான். சேலை கட்டி, தொரையின் காதைப் பிடித்து, "குழம்புல உப்பு யாருடா போடுவா, உங்கொப்பனா?" என்று கேட்கும்போது சனங்கள் தரையில் உருளுவார்கள்.

இதெல்லாம் எந்தத் தோட்டத்திலும் இருந்திருக்கும். எங்கள் நாடகத்தின் முடிவு எங்களுக்கு மட்டும் உரியது. கிராணியின் குட்டு உடைந்ததும், அந்த வேசம் போட்டவர் மேடை விளிம்புக்கு வந்து தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றுவார். "நான் வேசம் போட்ட கிராணி. நெசக் கிராணி கீழ ஒக்காந்திருக்காரு. அவரக் கேளுங்க" என்பார். முன்வரிசை நாற்காலியிலிருந்து தோட்டத்தின் உண்மையான கிராணி எழுந்து மேடைக்குப் போக வேண்டும். அந்தத் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். லயத்துக்கு ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். அவர் பதில் சொல்ல வேண்டும். தொப்பி தலையில் இருக்கும்வரை கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. மறுநாள் யாரையும் பழிவாங்கக் கூடாது. அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வருசம் முழுக்க அவர் முன்னால் கைகட்டி நிற்கிற சனம் அன்று உட்கார்ந்துகொண்டு கேட்கும். குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை? என் பெயர் ஏன் பெரட்டில் விட்டுப்போனது? மேடையில் நின்று சொன்னது சொன்னதுதான். மறுநாள் தண்டல் வந்து குழாயைப் பார்ப்பான். எங்களுக்கு வேறு எழுத்துப் பத்திரம் எதுவும் கிடையாது. அந்த மேடைதான் பத்திரம்.

கடைசி வருசம் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு. இரண்டாம் லயத்துக்காக அக்கா எழுந்தாள். கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"கிராணியாரே, தோட்டத்த வித்தா எங்களுக்கு வீடு உண்டா இல்லையா?"

பாபுவின் அப்பா தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"உண்டு. இருக்கிற குடும்பத்துக்கெல்லாம் வீடு உண்டு. கம்பெனி என்கிட்ட சொல்லியிருக்கு. அத நான் உங்ககிட்ட சொல்றேன்."

"விருந்துக்குக் கூப்பிடுவீங்களா?" என்று நாய் வேசத்தோடே வேலு அண்ணன் கத்தினார்.

"மொத வீடு குடிபோற அன்னைக்கு ஆட்டுக்கறி நான் போடுறேன். எலும்பு ஒனக்கு!"

அப்படி ஒரு சிரிப்பை அந்தக் களம் கேட்டதே இல்லை. முன்னால் பாயில் உட்கார்ந்து பாபுவும் சிரித்தான். நான் பார்த்தேன்.

தோட்டம் விற்றுப்போனது. ஒரே ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. அது ஈப்போவில், கிராணியார் குடும்பத்துக்கு. மற்றவர்களிடம் பொறு என்றார்கள். அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்றது. அது இன்னொன்றுக்கு விற்றது. வாக்கு எந்தக் கைமாற்றிலும் சேரவில்லை. பலர் வாடகை வீட்டுக்குப் போனார்கள். நாலு குடும்பம் நகர மாட்டோம் என்று இருந்துவிட்டது.

4

கோலாலம்பூர் விமான நிலையத்தில் கால் தன்பாட்டுக்கு மலேசியர் வரிசைக்குப் போனது. மகள் ஷாமினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நம்ம லைன் அது." மூன்று வயதில் பேர்த்துக்கு வந்தவள் அவள். அவளுக்குக் குழப்பம் இல்லை.

அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார். பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஓ, பேராக் ஆளா என்று மலாயில் கேட்டார். ஆமாம், லகாட் பக்கம் என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே, வருகையாளர், இத்தனை நாளைக்குள் திரும்பிப் போக வேண்டும் என்று முத்திரை குத்தினார்.

ஈப்போவில் நாலு குடும்பமும் ஒரு வேன் பிடித்துப் படத்துக்குப் போனோம். அக்கா கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். வேலு அண்ணன் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். மால் வாசலில் காவலாளி, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டான்.

"கல்யாணம் இல்லலா, நாங்க ஆக்டர்" என்றார் அண்ணன்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நியாயமாகச் சொல்கிறவள்.

மேடையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, அவ்வளவுதான் பங்களா. குசினி திரைக்குப் பின்னால். அங்கே என்ன நடக்கிறது என்று நாங்களாக நினைத்துக்கொள்வோம். பாபு குசினிக்குள் கூட்டிப்போகிறான். சட்டியைச் சுற்றி ஆறு பேர், ஒருவருக்கும் அடுப்பு பற்றவைக்கத் தெரியாது. கித்தா பால் வாளியில் ரசம். முள்கரண்டியை ஒருவன் தலை சொறிய எடுத்துக்கொள்கிறான். பிறகு அதே கரண்டி சாப்பாட்டு மேசைக்குப் போகிறது. எந்தத் தட்டுக்குப் போகிறது என்று பின்னாலேயே நம் கண்ணும் போகிறது. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. தியேட்டரே கதறியது.

நாய் ஒன்று. மேடையில் வேலு அண்ணன் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு குரைப்பார். படத்தில் நிஜ நாய். அது குரைக்கவே இல்லை. தொரை தன் வீட்டிலேயே குசினிக்காரனாக நிற்பதை உட்கார்ந்து பார்க்கிறது. கிராணியைப் பார்க்கிறது. மறுபடி தொரையைப் பார்க்கிறது. பிறகு எழுந்துபோய்க் கிராணியின் காலடியில் படுத்துக்கொள்கிறது. அண்ணன் என் காதில், "என்னய விட நல்லா நடிக்குது சனியன்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா வேசத்தை யாராலும் எங்கள் அப்பாபோலச் செய்ய முடியாது என்று மனதுக்குள் சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். அந்த நடிகை நன்றாகவே செய்தாள். அப்பா காதைப் பிடித்துத் திருகுவார். இவள் காதைப் பிடித்துக்கொண்டு திருகாமல் அப்படியே வைத்திருக்கிறாள். தொரையின் முகம் கிட்டத்தில் தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கிறது. மேடையில் பவுடர் அப்பிய முகத்தில் அதைக் காட்டவே முடியாது. அப்பா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

ஷாமினியும் சிரித்தாள். அவள் தமிழைக் காதால் கேட்கவில்லை, அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்தாள். எழுத்து பேச்சுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் அவள் எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்புவதற்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் மகளும் என் அக்காவும் ஒரே நாடகத்துக்குத்தான் சிரிக்கிறார்கள். ஆனால் சேர்ந்து சிரிக்கவில்லை. அது எனக்கு உறைத்தது. அதற்கு யாரும் குற்றவாளி இல்லை.

5

குட்டு உடைந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். "இப்ப வரும் பாரு."

படத்தில் கிராணி அழுதார். சம்பந்தி அம்மா மன்னித்தாள். தொரை சிரித்தார். மேளம் வந்தது, பாட்டு வந்தது, எல்லாரும் ஆடினார்கள். நாய்க்கு எலும்பு போட்டார்கள். படம் நின்றது. பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன. "பாலத்தடித் தோட்ட மக்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வந்து போனது.

விளக்கு போட்டார்கள். சனம் எழுந்தது.

"ஒக்காரு, ஒக்காரு" என்றாள் அக்கா. "இன்னும் இருக்குலா. தொப்பிய இன்னும் கழட்டல."

நாங்கள் ஒரு வரிசை மட்டும் உட்கார்ந்திருந்தோம். பெயர்கள் ஓடி முடிந்தன. திரை வெள்ளையானது. துடைப்பத்தோடு ஒரு வெளிநாட்டுப் பையன் வந்து, எங்கள் கால்களுக்கு அடியில் கிடந்த சோளப்பொரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முடிஞ்சிருச்சா தம்பி?" என்று அக்கா அவனைத் தமிழில் கேட்டாள்.

அவனுக்கு மொழி தெரியாது. கேள்வி புரிந்துவிட்டது. தலையாட்டினான்.

அக்கா எழுந்து பட்டுப்புடவையைச் சரி செய்தாள். எல்லாரும் வேனுக்கு நடந்தோம். வேலு அண்ணன், "மிசினு கோளாறா இருக்கும். வேற தியேட்டர்ல இருக்கும்" என்றார்.

"தஞ்சோங் ரம்புத்தான்ல ஒரு தியேட்டர் இருக்காம், அங்க போய் பாருங்க" என்றாள் அக்கா. மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. அவள் வைதது அண்ணனை இல்லை.

6

நில அலுவலகத்துக்கு அக்காவோடு நானும் போனேன். அந்த அதிகாரி மலாய்க்காரர், நல்ல மனிதர். எங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். மனைவி பிள்ளைகளோடு படத்தைப் பார்த்துவிட்டாராம்.

"கெலாக்கார் பெத்துல், காக்" என்றார். நிஜமாகவே சிரிப்புப் படம், அக்கா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நீங்கள் சொன்ன காட்சி அதில் இல்லையே என்றார்.

"எடுத்தாங்க சார். நான் கேட்டேன். அவரு பதில் சொன்னாரு" என்று மலாயில் அக்கா சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கே அவள் நடித்ததைச் சொல்கிறாள், எங்கே நடந்ததைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அக்காவுக்கு இரண்டும் ஒன்று. அதே களம், அதே கேள்வி, அதே தொப்பி. தொப்பி தலையில் இருக்கும்போது சொன்ன பதில் சொன்னதுதான் என்றுதானே அவள் வளர்ந்தாள்?

அவர் பொறுமையாக விளக்கினார். படம் இருந்தாலும் படம் மட்டும் போதாது. கம்பெனி அப்படி ஒரு வாக்கே கொடுக்கவில்லை என்கிறது. லயத்தில் குடியிருக்காத, இதில் வீடு கிடைக்கப்போகாத ஒருவர், கம்பெனி ஆள் இப்படிச் சொன்னதை நேரில் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மனுவை மேலே அனுப்ப வழி இருக்கிறது. சித்திரை முடிவதற்குள் வேலிக்காரர்கள் இடிக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

"நான் கேட்டேன். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

அவர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார். மனுதாரரின் தங்கை. வெளிநாட்டுக் குடியுரிமை. மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். நான் பார்த்தது, கேட்டது எல்லாம் என்னோடு கடல் தாண்டி வந்திருக்கிறது. திரும்பி வரும்போது சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள்போல.

அன்று களத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் எங்களைப்போல லயத்து ஆட்கள், அல்லது அவர்களின் சொந்தபந்தம். வாத்தியார் இறந்துவிட்டார். தண்டல் இறந்துவிட்டார். கிராணியாரும் இல்லை. எங்களுக்கு உறவு இல்லாத, வீடு தேவையில்லாத, உயிரோடு இருக்கிற ஒரு ஆள் யார் என்று நானும் அக்காவும் சாலையோரத்தில் நின்று யோசித்தோம். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

7

பாபுவுக்கு அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"பாபு, லெச்சுமி பேசுறேன். ரெண்டாம் லயம்."

"அக்கா! எப்ப வந்தீங்க? படம் பாத்தீங்களா?"

"பாத்தேன். சிரிச்சேன். கடைசி சீன் எங்க?"



"அது நீளமாயிருச்சுக்கா. சிரிச்சுக்கிட்டே வந்தவங்க அங்க வந்ததும் கப்சிப்னு ஆயிடுறாங்க. காமெடி படத்துக்கு இது வேணாம்னு தியேட்டர்காரங்க சொல்லிட்டாங்க."

"தோட்டத்துல யாரும் கப்சிப்னு ஆகலயே. அங்கதான் ரொம்ப சிரிச்சாங்க. நீயும் பாயில ஒக்காந்து சிரிச்சே."

"நான் அப்ப சின்னப் புள்ளக்கா."

"மீசை மொளச்சிருந்துச்சுடா."

அவன் சிரித்துவிட்டான். பிறகு அவன் குரல் மாறியது.

"அம்மாவுக்குப் போட்டுக் காட்டுனேன்கா. அந்த சீன் வந்ததும் எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அப்பறம் வீடு வரலல்ல? பாக்குறவங்க என்னா நெனப்பாங்க? அப்பா பொய் சொன்னாருன்னுதானே நெனப்பாங்க?"

இதுதான் உண்மையான காரணம். நீளம் இல்லை, தியேட்டர்காரர்கள் இல்லை. இதை அவன் சொன்னதற்காக அவனை மதிக்கிறேன். என்னிடமும் ஒரு அப்பா இருந்தார்.

"உங்கப்பா பொய் சொன்னாருன்னு யாருடா சொன்னது?" என்றேன். "பொய் சொன்னவரு எங்கக்காவ மார்க்கெட்டுல கண்டா ஏன் வெக்கப்பட்டு வேற பக்கமா சுத்திப் போவாரு? கம்பெனி அவர ஏமாத்துச்சு. அத நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. எங்கப்பா இப்படிச் சொன்னாரு, நான் கேட்டேன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

"வக்கீல்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்கா."

"கேட்டதைச் சொல்றதுக்கு எதுக்குடா வக்கீலு?"

"கூப்பிடுறேன்கா."

கூப்பிடவில்லை. என் வருகை நாள் முடிந்தது. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. தொலைக்காட்சிப் பேட்டியில் பார்த்தேன். எங்கள் தொப்பி அவன் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. படப்பிடிப்புக்கு என்று வேலு அண்ணனிடம் இரவல் வாங்கிப்போன தொப்பி. "இது என் மண்ணின் அடையாளம்" என்று கேமராவுக்குக் காட்டினான். அந்த மண்ணில் நாலு குடும்பம் இருப்பதைச் சொல்லவில்லை.

8

பேர்த்துக்குத் திரும்பி வேலைக்குப் போகிறேன். விரிப்புகள் வருகின்றன, மடிக்கிறேன். கிழவர்களுக்குப் படம் போட்டுக் காட்டும் அறை ஒன்று உண்டு. சிரிப்புச் சத்தம் சலவை அறைவரை வரும். முன்பெல்லாம் எனக்கு அது பிடிக்கும்.

ஷாமினி இணையத்தில் அந்தப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாள். எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. படம் அதற்குத் தகுதியானதுதான். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் கேட்டாள். "அம்மா, பெரியம்மா ஏன் தியேட்டர்ல எந்திரிக்கல?" நான் எல்லாவற்றையும் சொன்னேன், தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து. தொப்பி, கேள்வி, ஆட்டுக்கறி, எலும்பு. எலும்பு என்றதும் சிரித்தாள். இந்தத் தடவை எழுத்து இல்லாமல், நான் சொல்லி முடித்த பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவர் சொன்னாரா, இல்லையா? அதை மட்டும் அந்த டைரக்டர் சொல்லலாமே" என்றாள். அவ்வளவு சின்ன விசயம் அது. அங்கே பிறக்காத பிள்ளைக்கே புரிகிறது.

அதனால் பாபு, உன்னைத்தான் கேட்கிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

வெட்டியதை ஒட்டச் சொல்லவில்லை. படம் உன்னுடையது, அப்படியே ஓடட்டும். உன் அம்மா மனம் நோக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஆனால் உன் அம்மா எழுந்து உள்ளே போவதற்கு ஒரு வீடு இருந்தது. என் அக்காவுக்கு உள்ளே என்று ஒரு இடம் சித்திரைக்குப் பிறகு இருக்காது.

திருவிழா வருகிறது. மாரியம்மன் கோயிலை அவர்கள் இன்னும் தொடவில்லை. பெரட்டுக் களத்தில் வேலு அண்ணன் பலகை போட்டு மேடை கட்டிவிட்டார். நாடகம் போட ஆள் இல்லை. கடைசிக் காட்சி மட்டும் உண்டு. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கும். அந்த அதிகாரியையும் கூப்பிட்டிருக்கிறோம், வருகிறேன் என்றிருக்கிறார்.

உன் அப்பா அந்த நாற்காலியிலிருந்து எழுந்து மேடைக்குப் போனார். பயந்துகொண்டே போனார். ஆனாலும் போனார்.

கண்ணாடிப் பெட்டியைத் திற. எங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு வா. அதைத் தலையில் வைத்துக்கொள். அக்கா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

வீடு உண்டு என்று உன் அப்பா சொன்னாரா, இல்லையா? நீ கேட்டாயா, இல்லையா?

எல்லார் முன்னாலும் பதில் சொல்.